ஒரே நரம்பில் மாமியாரும் மருமகளும்

எங்கள் வார்டில் மாமியார் என்றால் ஒரு மருந்து. மருமகள் என்றால் இன்னொரு மருந்து. இரண்டுக்கும் நடுவில் போகிற உப்புத் தண்ணீருக்கு மகன் என்று பெயர். இது தெரியாமல் உள்ளே காலெடுத்து வைத்தவர்கள், இரண்டு நர்சுகள் சேர்ந்து ஒரு குடும்பத்தையே ஊசியில் ஏற்றுகிறார்கள் என்று நினைத்திருந்தால் அவர்கள் மேல் தப்பில்லை.

வயிற்று நோயாளிகளுக்கான வார்டு அது. நீளமான அறை, எதிரெதிராக இரண்டு வரிசைக் கட்டில்கள், கோடியில் பெரிய ஜன்னல், ஜன்னலடியில் மருந்து மேஜை. மதியத்தில் அந்த மேஜைமேல் விழும் வெயிலில் ஸ்பிரிட் வாசனை இன்னும் தூக்கலாக இருக்கும். வெளியில் எங்கேயாவது அந்த வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு வெங்கலத்தின் ஞாபகம்தான் வருகிறது.

வெங்கலம் என் தோழி, என்னைப் போலவே அங்கே நர்ஸ். வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி குரல் என்பதால் நான் வைத்த பெயர். ரகசியம் என்று அவள் காதோரம் சொன்னால் அடுத்த மாடியில் பதில் சொல்வார்கள். பதிலுக்கு அவள் எனக்குக் கிடுக்கி என்று பெயர் வைத்தாள். எதையாவது பிடித்தால் விடவே மாட்டேனாம். பட்டப்பெயர் வைப்பதில் எங்கள் இருவருக்கும் கை அரிப்பு. மனிதர்களுக்கு வைத்து முடித்தபிறகு மருந்துகளுக்கு வைக்க ஆரம்பித்தோம்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. ஒருநாள், வேறு வார்டிலிருந்து உதவிக்கு வந்த பெண் ஒருத்தி, அமிலத்தை அடக்கும் பான்டோபிரசோலைப் போட்டு முடித்த கையோடு, நரம்புக்குப் போகும் அதே லைனில் வாந்தியை நிறுத்தும் ஆன்டான்செட்ரானை விட்டாள். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்த குழாய்க்குள் திடீரென்று பால் திரிந்ததுபோல் வெள்ளையாகப் பொடி கட்டியது. வெங்கலம் பார்த்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் அந்தப் பெண்ணின் கை தானாகவே நின்றுவிட்டது. குழாயை மடித்துப் பிடித்து, கழற்றி எறிந்து, புதிது மாட்டினோம். திரிந்ததில் ஒரு சொட்டுகூட நோயாளிக்குள் போகவில்லை.

"தனித்தனியாப் பாத்தா ரெண்டும் தங்கம்டி," என்றாள் வெங்கலம், கை கழுவிக்கொண்டே. "ஒரே வாசல்ல நேருக்கு நேர் வந்தாதான் வீடு நாறுது. மாமியாரும் மருமகளும் மாதிரி."

அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. முதலில் மாமியார், அதாவது பான்டோபிரசோல், நிதானமாக. பிறகு மகன், லைன் முழுக்கக் கழுவிக்கொண்டு. அப்புறம்தான் மருமகள், ஆன்டான்செட்ரான். அவள் பின்னாலேயே மறுபடி மகன். வயிற்றுப் பிடிப்புக்குப் போடும் மூன்றாவது மருந்து ஒன்று உண்டு, அது நாத்தனார். அது யாரோடு சேரும், யாரோடு முறைக்கும் என்று நிச்சயமாகத் தெரியாதபோதெல்லாம் மருந்துக் கிடங்குக்குப் போன் போட்டுக் கேட்போம். பதில் வரும்வரை தனியாகவே விடுவோம். நாத்தனார் விஷயத்தில் அவசரம் கூடாது என்று கல்யாணமான எல்லாருக்கும் தெரியும்.

ஒருத்தி ஊசி போட, இன்னொருத்தி மருந்து எழுதிய சார்ட்டோடு நிற்க வேண்டும். போடுகிறவள் ஒவ்வொன்று முடிந்ததும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்கிறவள் அடுத்தது எது என்று சொன்ன பிறகே போடுகிறவள் கை நகரலாம். இது வார்டுப் பொறுப்பாளரான சீனியர் சிஸ்டர் போட்ட சட்டம். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மேலிடம். மருந்தின் பெயரைச் சொல்லச் சொன்னது மேலிடம். நாங்கள் உறவைச் சொன்னோம். இரண்டு மூன்று முறை முறைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

இப்போதெல்லாம் சிரிஞ்சுக்குச் சிரிஞ்சு வண்ணச் சீட்டு ஒட்டுகிறார்கள். சேரக் கூடாத இரண்டைச் சேர்த்து எழுதினால் கம்ப்யூட்டர் சிவப்பாக எரிகிறது. நல்லதுதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கம்ப்யூட்டருக்குச் சிரிக்கத் தெரியவில்லை. எனக்கு அந்த வார்டு வேண்டும், அந்த வயது வேண்டும், திரைக்குள்ளிருந்து அவள் கத்துகிற கத்தல் வேண்டும். யாரிடம் போய்க் கேட்பது?

தையல்காரம்மா வந்தது அந்தக் காலத்தில்தான். மெஷினை மிதித்து மிதித்து மூட்டு தேய்ந்துபோனவர். வலிக்கு மாத்திரை, மாத்திரையால் வயிற்றில் புண், புண்ணிலிருந்து ரத்தம். தூக்கிக்கொண்டு வந்தபோது முகம் துவைத்துப் போட்ட துணி மாதிரி வெளுத்திருந்தது. வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துப் புண்ணை அடைத்தார்கள். ஆனால் டாக்டர் முகம் தெளியவில்லை.

"வாந்தி வந்தா புண்ணு திறந்துக்கும். அமிலம் ஏறினாலும் அப்படித்தான். ரெண்டையும் அடக்கணும். இன்னொரு தடவை ரத்தம் கொட்டினா வயித்தைத் திறக்கணும் சிஸ்டர், இந்த உடம்பு தாங்காது," என்றார்.

இரண்டையும் அடக்கலாம், நரம்பு வேண்டுமே! கையைத் தட்டினால் மற்றவர்களுக்கு நரம்பு எழும்பும், இவருக்கு ஒளிந்துகொண்டது. நான் குத்தி, வெங்கலம் குத்தி, மயக்க மருந்து டாக்டர் வந்து குத்தி, கடைசியில் இடது முழங்கைக்குக் கீழே ஒன்றே ஒன்று அகப்பட்டது. அந்த ஒற்றை நரம்பில்தான் மாமியாரும் போயாக வேண்டும், மருமகளும் போயாக வேண்டும். திரிந்து அடைத்துக்கொண்டால் வேறு வழி இல்லை. அந்தக் கையை நாங்கள் பச்சைப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தோம்.

முதல் நாள் வெங்கலம், "மாமியார் போயாச்சு!" என்று கத்தியதும் தையல்காரம்மா கண்ணைத் திறந்து, "எந்த மாமியார்?" என்று கேட்டார். வெங்கலம் விளக்கினாள். அவ்வளவு பலவீனத்திலும் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. கை ஆடியது, நான் ஓடிப்போய் லைனைப் பிடித்தேன்.

"மாமியாரைத்தானே முதல்ல விடுறீங்க? மரியாதை தெரிஞ்ச பொண்ணுங்க," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க வீட்டுலயும் நடுவுல ஒருத்தன் இருந்தான். இப்ப இல்ல," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரே மகன். சாலை விபத்தில் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மிச்சம் இருந்தது மருமகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒல்லியான பெண். கண்ணாடிக்கடைப் பெண் என்றே அவளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எந்த மருமகள் என்று உங்களுக்கும் குழம்பும்.

இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். சண்டை என்று சொல்லும்படி எதுவும் நடந்ததில்லை. வீட்டில் இவர் சொல்வதை மகன் அவளிடம் சொல்வான், அவள் சொல்வதை இவரிடம் சொல்வான். கசப்பை வழியிலேயே கழுவிவிடுவான்போல. அப்படியே பழகிவிட்டார்கள். அவன் போனதும் வீட்டில் வாய் இருந்தது, வழி இல்லை.

ஆஸ்பத்திரியில் அந்த வேலை எங்கள் தலையில் விழுந்தது. "அந்தப் பொண்ணை வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்லுங்க சிஸ்டர்," என்பார் இவர், அவள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போதே. "நான் தூங்கிட்டேன்னு சொல்லுங்க சிஸ்டர்," என்பாள் அவள். முகம் துடைத்துவிடுவாள், துணி மாற்றுவாள், எல்லாம் வாய் பேசாமல். வேலை முடிந்ததும் வராந்தா பெஞ்சுக்குப் போய்விடுவாள். ஊசி போடும் நேரத்தில் கூட இருப்பவர்களைக் கீழே அனுப்பிவிடுவோம், அதனால் எங்கள் கத்தல் அவள் காதில் விழுந்ததே இல்லை.

வெங்கலத்துக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, ஒரு வார்த்தை பேசினா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்திடுமா?" என்று தையல்காரம்மாவிடமே கேட்டுவிட்டாள்.

"பேசி என்ன ஆகப்போகுது? அவ அண்ணன் வந்து கூட்டிட்டுப் போகப்போறான். அவங்க ஊர்லயே வேலை பாத்து வச்சிருக்கான். சின்ன வயசு. இங்க என்னைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்னு தலையெழுத்தா?"

"போகணும்னு அவ சொன்னாளா?"

"இருக்கணும்னு சொல்லலியே."

அந்தப் பக்கம் வராந்தாவில் நான் கேட்டபோது கண்ணாடிக்கடைப் பெண் சொன்னது இது: "நான் எப்பப் போவேன்னுதான் அவங்க காத்துக்கிட்டிருக்காங்க சிஸ்டர். நான் சமைச்சு வச்சா தொடக்கூட மாட்டாங்க. மூடி வச்சது மூடின மாதிரியே இருக்கும். மகனே போயிட்டார், நான் யாரு?"

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற ஆட்கள். இரண்டு பேர் தலையையும் பிடித்து ஒன்றோடொன்று முட்டவிடலாமா என்றிருந்தது எனக்கு. ஆனால் நோயாளியின் தலையை முட்ட நர்சுக்கு அனுமதி இல்லை.

அது நடந்தது ஒரு மத்தியானம். உடம்பு துடைத்துவிட்டதால் தையல்காரம்மாவின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. அவர் கண் சொருகிக் கிடந்தார். வெங்கலம் திரைக்குள்ளே சிரிஞ்சுகளோடு இருந்தாள். நான் ஜன்னலடியில் சார்ட்டோடு நின்றேன். கண்ணாடிக்கடைப் பெண் அண்ணனிடம் போனில் பேசக் கீழே போயிருந்தாள். அவள் படியேறி வந்து வாசலில் நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை.

"மாமியார் போயாச்சு!" என்று கத்தினாள் வெங்கலம்.

"மகன்?" என்றேன் நான்.

"மகனும் போயாச்சு."

"சுத்தமாவா?"

"சுத்தமா போயாச்சு. மிச்சம் மீதி ஒண்ணும் இல்ல."

"அப்ப இனி மருமகதான். மெதுவா அனுப்பு," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். வழக்கமான சிரிப்புத்தான். அந்தச் சொற்கள் எங்கள் வாயில் மனுஷர்களைக் குறிப்பதை நிறுத்தி எவ்வளவோ நாளாகியிருந்தது.

வாசலில் எதுவோ விழுந்து உருண்டது. "அத்தை!" என்று ஒரு அலறல். வெங்கலத்தின் குரலே தோற்கும் அலறல். அந்த ஒல்லி உடம்பு வார்டைக் கடந்து வந்த வேகத்தில் திரை பாதி கிழிந்தது. கட்டில்மேல் விழுந்தாள். விழுந்தவள் பிடித்தது எதை? இடது கையை. எங்கள் ஒரே நரம்பு இருந்த கையை.

சார்ட்டை வீசிவிட்டு ஓடினேன். அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து அசையவிடாமல் நிறுத்தினேன். நான் கிடுக்கியானது வீண்போகவில்லை. "அந்தக் கையை விடும்மா, லைன் போயிடும், விடு!" என்று நான் கத்த, மருமகள் சிரிஞ்சை இன்னும் மாட்டாமல் கையில் வைத்திருந்த வெங்கலம் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றாள். அவள் வாயடைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பெண் காதில் எதுவும் ஏறவில்லை. "அவரும் போயி, இப்ப நீங்களும் போயிட்டீங்களா அத்தை! இனி நான் யாருகிட்ட கோவிச்சுக்குவேன்? சொல்லாமகூடப் போயிட்டீங்களே!" என்று நெஞ்சில் முகத்தை வைத்துத் தேய்த்து அழுதாள்.

தையல்காரம்மா கண்ணைத் திறந்தார்.

"யாருடி செத்தது?"

அழுகை பாதியில் நின்றது. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வெங்கலத்தைப் பார்த்தாள். எதிர்க்கட்டிலில் இருந்தவர் சிரித்துவிட்டார்.

"மருந்தும்மா," என்றாள் வெங்கலம் ஈனக் குரலில். "மாமியார்னா மருந்து."

"என்ன மருந்து?"

அதற்குள் தையல்காரம்மாவே ஆரம்பித்துவிட்டார். "அந்த ஊசி மாமியாராம். இந்த ஊசி மருமகளாம். ரெண்டும் சேர்ந்தா திரிஞ்சிடுமாம், அதனால நடுவுல தண்ணி விடுறாங்க, அதுக்குப் பேரு மகன். வந்த நாள்லேர்ந்து கத்துறாங்களே, வார்டுக்கே தெரியும். உனக்குத் தெரியாதா?"

"எனக்கு யாரு சொன்னா?"

நான் லைனைப் பார்த்தேன். பிளாஸ்திரி ஒரு ஓரம் பிரிந்திருந்தது, மற்றபடி எதுவும் ஆகவில்லை. சலைன் கொஞ்சம் விட்டுப் பார்த்தேன். வீக்கமில்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"மனசை அலட்டிக்கக் கூடாது, ரத்தம் வந்திடும். அப்புறம் பேசிக்கலாம்," என்றேன். இவ்வளவு நாள் பேசாதவர்கள் அப்போது பார்த்தா நான் சொல்லி நிறுத்துவார்கள்? ஆனால் அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் வச்சதை ஏன் சாப்பிடல நீங்க? வெறும் வயித்துல மாத்திரையைப் போட்டுப் போட்டுத்தானே புண்ணாச்சுன்னு டாக்டர் சொல்றாரு. என் கையால சாப்பிடறது அவ்வளவு கேவலமா?"

"நீ கூப்பிடலியே."

"என்னது?"

"அவன் இருந்தவரைக்கும் வாசல்ல வந்து நின்னு சாப்பிட வாம்மான்னு கூப்பிடுவான். நீ மூடி வச்சிட்டு வேலைக்குப் போயிடுவே. கூப்பிடாம எப்படிடி போய் உக்கார்றது? உன் வீட்டுல நான் திருடித் தின்ற மாதிரி இருந்துச்சு."

"அது உங்க வீடு அத்தை."

"எனக்கு அப்படித் தோணலியே. நீதான் சம்பாதிக்கறே, நீதான் சமைக்கறே. என்னைப் பாத்தா முகத்தைத் திருப்பிக்கறே."

"உங்க முகத்துல அவர் ஜாடை அத்தை. பாக்க முடியல."

வெங்கலம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள். அந்தச் சத்தத்துக்கே மேலிடம் வந்துவிட்டது. கிழிந்த திரை, தரையில் சார்ட், கட்டில்மேல் பாதி கிடக்கும் பெண், எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். நடந்ததைக் கேட்டார். எங்களைத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இனிமே இந்த வார்டுல மருந்துக்கு மருந்தோட பேருதான். உறவெல்லாம் வாசலுக்கு வெளியே," என்றார். பிறகு சார்ட்டைத் தானே பொறுக்கி என் கையில் கொடுத்து, "அடுத்தது என்ன?" என்று கேட்டார்.

"ஆன்டான்செட்ரான்," என்றேன்.

"ஆன்டான்செட்ரான்," என்று வெங்கலமும் திருப்பிச் சொன்னாள். அவள் பேசியது அவ்வளவு மெதுவாக இருந்தது, எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

பெயர்கள் அன்றோடு போயின. போக வேண்டியவைதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அதற்குப் பிறகும் அதே வார்டில், அதே ஜன்னலடியில், அவளோடு எவ்வளவோ காலம் வேலை பார்த்தேன். இப்போது அவள் கடல் கடந்து மகள் வீட்டில் இருக்கிறாள். போனில் பேசினால் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொள்கிறேன். வைத்ததும் வீடு ரொம்ப அமைதியாகிவிடுகிறது.

தையல்காரம்மாவுக்கு ரத்தம் திரும்ப வரவில்லை. அந்த ஒற்றை நரம்பு கடைசி ஊசிவரை தாக்குப்பிடித்தது. வாயால் சாப்பிட ஆரம்பித்து, மருந்து மாத்திரையாக மாறி, வீட்டுக்குப் போகும் நாளும் வந்தது. அன்று காலையிலேயே அண்ணன்காரன் வந்துவிட்டான். தங்கையின் துணிமணியை வீட்டிலிருந்து எடுத்துப் பையில் கட்டிக் கையோடு கொண்டுவந்திருந்தான். மாமியாரை வீட்டில் விட்டுவிட்டு அப்படியே ஊருக்குப் போவதாக ஏற்பாடு.

"கிளம்பலாமா?" என்றான்.

கண்ணாடிக்கடைப் பெண் மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"போடி," என்றார் தையல்காரம்மா. கட்டிலில் உட்கார்ந்து தலையைப் பின்னிக்கொண்டிருந்தார். "என்னைப் பத்திக் கவலைப்படாதே. மகனே இல்ல, மருமகளைக் கட்டி வச்சிருக்கா பாருன்னு ஊர் பேசாதா? உனக்கு நாளைக்கு ஒரு நல்லது நடக்கணும்."

"நடந்தா நடக்கட்டும். அப்ப உங்ககிட்ட சொல்லுவேன்."

"அப்ப இங்க எதுக்கு இருக்கே? அவனுக்காகவா?"

"அவருக்காகத்தான் உங்களை இத்தனை நாள் பொறுத்துக்கிட்டேன்," என்றாள் அவள். மாத்திரை உறையை மடித்து மூடினாள். "நீங்க சொன்னதுக்கெல்லாம் பதில் இருந்துச்சு, வாயை மூடிக்கிட்டேன். இனிமே யாருக்காக மூடணும்?"

"அப்ப சண்டை போடுவேங்கறே?"

"போடுவேன்."

"தினமுமா?"

"நீங்க சாப்பிட வராத அன்னிக்கெல்லாம்."

தையல்காரம்மா பின்னலின் நுனியை முடிந்து முதுகுக்குப் பின்னால் தள்ளினார். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அண்ணன்காரன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்தப் பையை அவகிட்டயே குடுத்திடு," என்றார். "நாங்க வீட்டுக்குப் போறோம்."